அத்தியாயம் பத்தொன்பது, வெளிப்புறம், இரவு

நாவலில் அது ஒரே வரி:
வரிசையாக வந்து கட்டைவிரலைக் கொடுத்தார்கள்.
அடுத்த பத்தியில் நிலா வந்துவிடுகிறது,
துரையின் மனைவிக்குத் தலைவலி வந்துவிடுகிறது.

இயக்குநருக்கு அந்த வரி
மூன்று நிமிடம் ஓட வேண்டும்.
டவுன்ஹால் ரோடு லாட்ஜில்
பதினோரு இரவு உட்கார்ந்தேன்.
கொடுத்தார்கள் என்பதா, பிடுங்கினார்கள் என்பதா?
வினைச்சொல்லைப் படம் பிடிக்க முடியாது.
கேமரா கேட்பது வேறு:
எந்தக் கை,
எவ்வளவு வெளிச்சம்,
அப்போது அவன் யாரைப் பார்க்கிறான்.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
துரையின் குதிரைக்குப் பெயர் உண்டு.
வரிசையில் நின்றவர்களுக்கு இல்லை.

நாகமலை அடிவாரத்தில் பிளைவுட்டில் எழும்பியது தாணா.
பூட்ஸ் போட்டு நிற்பவருக்குத் தொள்ளாயிரம்,
வெறுங்காலுக்கு அறுநூறு.
"பட்ஜெட் அப்படி வந்திருச்சு சார்"
என்றார் மேனேஜர், குதிரைக்காரருக்கு
எட்டாயிரம் எண்ணிக்கொண்டே.

துரையாக வந்தவர்
கொடைக்கானலில் முப்பது வருடமாக
முட்டைக்கோஸ் பயிரிடுகிறார்.
அவருடைய தமிழைக் கெடுக்கவே எனக்கு
இரண்டு நாள் பிடித்தது.
ழகரத்தை நழுவவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.
ஒவ்வொரு அறைக்குப் பிறகும்
"பலமா பட்டுருச்சாண்ணே?" என்று கேட்பார்.
ஒச்சப்பன் தாடையைத் தடவிக்கொண்டு,
"இன்னுங் கொஞ்சம் ஓங்கி அடிங்க,
நடிக்கிற மாதிரித் தெரியுது."

குளோசப்புக்கு லென்ஸ் மாற்றினார்கள்.
ஒச்சப்பன் விரல் தாளில் இறங்கி எழுந்தது.
மை இருந்தது, ரேகை இல்லை.
வழவழவென்று ஒரு கறுப்புப் பொட்டு.
மறுபடி.
மறுபடி.
"இருபத்தாறு வருசம் சிமெண்டு" என்றார்.
"ரேஷன் கடை மிஷினும் இப்பிடித்தான்,
நான் நானில்லேன்னு சொல்லும்."
யாரோ சிரித்தார்கள். அவரும்தான்.

உதவி இயக்குநர் ஒவ்வொருவர் கையாகத் திருப்பிப் பார்த்தான்,
மாட்டுத்தாவணியில் மாடு விற்ற காலத்தில்
பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பார்களே, அப்படி.
கொத்தனார் கை, சித்தாள் கை,
செங்கல் சூளைக் கை.
கடைசியில் என் கைக்கு வந்தான்.
பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கியறியாத கை.

மேக்கப்காரர் மண் பூசினார்,
நகக்கண்ணில் அழுக்கு வைத்தார்.
கொடைக்கானல்காரர் மணிக்கட்டைப் பிடித்தார்,
வெதுவெதுப்பான உள்ளங்கை.
என் வசனம், என் காட்சி,
எந்த நொடியில் விரல் எதிர்க்க வேண்டும் என்று
நான்தான் எழுதியிருந்தேன்.
எதிர்க்கவில்லை அது.
அழுத்தத் தொடங்குவதற்கு முன்பே
தாளுக்குப் போய்விட்டது.
கொடுத்தேன்.
முதல் டேக்கிலேயே ஓகே.
சுழி சுத்தமாக விழுந்திருப்பதாக
மானிட்டரைச் சுற்றிக் கைதட்டினார்கள்.

ஆகவே, திரையளவு பெரிதாக
நீங்கள் பார்க்கப்போகிற அந்த விரல்
அங்கே நின்ற யாருடையதும் அல்ல.

பேக்கப் ஆன பிறகு
ஜெனரேட்டர் வேன் வெளிச்சத்தில் வவுச்சர்.
மேனேஜர் பழக்கதோஷத்தில்
மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.
ஒச்சப்பன் பேனா கேட்டார்.
தாளைத் தொடையில் வைத்து,
இனிஷியல் போட்டு, புள்ளி வைத்து,
முழுப் பெயரும் எழுதி,
கீழே தேதியும் ஊரும்.
பின்னால் வரிசை முனகியது,
கடைசி பஸ் போய்விடுமென்று.
அறுநூறை எண்ணிப் பார்த்தார்.
ஒரு நூறு கிழிசல்.
மாற்றித் தரும்வரை நகரவில்லை.

லாட்ஜ் சோப்புக்கு மை போகவில்லை.
தலையணை உறையில் ஒன்று,
நாவலின் இருநூற்று மூன்றாம் பக்க ஓரத்தில் ஒன்று.

வவுச்சர்களை வாங்கிப் பார்த்து
நாற்பத்திரண்டு பெயர்களையும்
இனிஷியலோடு தட்டச்சு செய்து
படத்தின் முடிவில் போடச் சொல்லி அனுப்பினேன்.
குதிரைக்காரர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.
"நீளம் பார்க்கணும் சார்" என்று
பதில் வந்திருக்கிறது.